ஸ்ப்ரே டின்னைக் கீழே வையுங்கள்: சாப்பாட்டுக் கடைப் பூச்சித் தொல்லையை அறிகுறியிலிருந்து பிடிப்பது

எங்கள் கடை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், 1948இல் தொடங்கிய மலாயா எமர்ஜென்சிக்கு முன்பே கட்டிய ஒரு பழைய கடைவரிசையில் இருக்கிறது. முன்னால் அஞ்சடி என்ற மூடுநடைபாதை, பின்னால் சந்து, சந்தின் ஓரமாக லோங்காங் என்ற சாக்கடை வாய்க்கால், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்தால் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம். அப்பா காலத்தில் அது ரப்பர் பால்மரக் காடு. காலையில் ரொட்டி சானாயும் தோசையும், மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு, ராத்திரி மீ கோரெங் என்று அடுப்பு அணையாத கடை. இப்படி ஒரு இடத்தில் பூச்சி எட்டிப் பார்க்காமல் இருக்காது. ஆனால் வந்தது எது, எந்த வழியாக வந்தது, எதைத் தின்று உயிர் வாழ்கிறது என்று பார்க்காமல் மாதம் நாலு ஸ்ப்ரே டின் வாங்கி அடித்துக்கொண்டிருந்தால் காசுதான் கரியாகும். அதை நான் பல வருஷம் செய்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

கீழே பூச்சியின் பெயரை வைத்துப் பிரிக்கவில்லை. கடைக்காரர் கண்ணில் முதலில் படுவது பெயரா என்ன? புழுக்கை, வாடை, மேசை மேல் உதிர்ந்து கிடக்கும் இறக்கை, இப்படித்தான் தெரியவரும். உங்கள் கடையில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படியுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கடையை மூடி, விளக்கையெல்லாம் அணைத்து, ஒரு மணி நேரம் கழித்து டார்ச் லைட்டோடு திரும்ப வாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது, முட்டி போட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் கரப்பானுக்கான ஒட்டுப் பொறி பத்துப் பன்னிரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் தேதியும் இடமும் எழுதி, சுவரோரமாக, மூலைகளில், ஐஸ்பெட்டிக்கு அடியில், சிங்க்குக்குக் கீழே என்று வையுங்கள். மூன்றாம் நாள் எடுத்து எண்ணுங்கள். எதில் அதிகம் விழுந்திருக்கிறதோ அதற்குப் பக்கத்தில்தான் குடித்தனம் நடக்கிறது. இந்த எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி வைப்பது பின்னால் ரொம்ப உதவும், மருந்து வேலை செய்ததா இல்லையா என்று சொல்ல வேறு வழி கிடையாது.

விளக்கைப் போட்டதும் சின்னப் பழுப்புப் பூச்சிகள் சிதறி ஓடுகின்றன

இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நீளம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள், வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு. ஜெர்மன் கரப்பான் என்று பெயர். லோங்காங்கிலிருந்து ஏறி வரும் பெரிய கரப்பானின் குஞ்சு இது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். இது வேறு சாதி. வெளியில் காட்டிலோ சாக்கடையிலோ பெரும்பாலும் வாழாது. மனிதன் சமைக்கும் இடத்தில், சூடும் ஈரமும் சேர்ந்த இடுக்கில்தான் வாழும். அப்படியானால் அது உங்கள் கடைக்குள் நடந்து வரவில்லை, யாரோ தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். முட்டை அட்டை, வெங்காய மூட்டை, குளிர்பான அட்டைப்பெட்டி, பழைய சாமான் இவற்றில் ஏதோ ஒன்று.

எங்கள் கதை பழைய ஐஸ்பெட்டி. மூடப்போகிற ஒரு கடையிலிருந்து மலிவாகக் கிடைத்தது என்று சந்தோஷமாக லோரியில் ஏற்றி வந்தேன். ரெண்டு வாரம் கழித்து குசினியில் வேலை செய்யும் அக்கா, "தம்பி, இந்தப் பெட்டிக்குப் பின்னால என்னமோ ஊசிப்போன எண்ணெய் மாதிரி வாடை அடிக்குது, பாருங்க" என்றார். "மோட்டார் சூடு அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அது மோட்டார் சூடு இல்லை. ஜெர்மன் கரப்பான் கூட்டமாகச் சேர்ந்தால் வரும் வாடை. அக்கா சொன்ன அன்றைக்கே பின்பலகையைக் கழற்றியிருந்தால் ஒரு பெட்டியோடு போயிருக்கும்.

ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்றால், தாய்ப் பூச்சி முட்டைக் கூட்டை வயிற்றோடு ஒட்டிச் சுமந்துகொண்டே திரியும், பொரியும் நேரம்தான் கழற்றும். ஒரு கூட்டில் முப்பது நாற்பது முட்டை. நம் ஊர் சூட்டில், அதுவும் ரொட்டிக் கல் பக்கத்துச் சூட்டில், குஞ்சு வளர்ந்து தானும் முட்டை சுமக்க ஏறக்குறைய ரெண்டு மாதம் போதும். ஸ்ப்ரே அடித்தால் வெளியில் நிற்பவை சாகும். இடுக்கில் இருப்பவை மருந்தின் எரிச்சல் தாங்காமல் சுவருக்குள்ளும் பக்கத்து அறைக்கும் போய்விடும், கூட்டுக்குள் இருக்கும் முட்டைக்கோ ஒன்றும் ஆகாது. ஒரு இடத்துத் தொல்லையை நாலு இடத்துத் தொல்லையாக ஆக்குவது இப்படித்தான்.

செய்ய வேண்டியது ஜெல் மருந்து. ஊசிக்குழாயில் வரும், தீனி மாதிரி இருக்கும். துவரம்பருப்பு அளவுக்குச் சின்னச் சின்னப் பொட்டாக, நிறைய இடத்தில், அவை ஒளியும் இடுக்குக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைப்பதால் பயனில்லை, கரப்பான் தூரம் போய்த் தீனி தேடாது. தின்றது கூட்டுக்குள் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் பிணத்தையும் மற்றவை தின்னும், அவற்றுக்கும் மருந்து ஏறும். இங்கே ரெண்டு விஷயம் முக்கியம். ஜெல் வைத்த பக்கம் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, அந்த வாடை பட்டால் தீனியைத் தொடாது. அடுத்தது, அடுப்புக்கு அடியில் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தால் அவை உங்கள் ஜெல்லை ஏன் தின்ன வேண்டும்? எண்ணெயைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு ஜெல் வையுங்கள்.

ஒளியும் இடங்கள் எங்கள் கடையில் கிடைத்த வரிசையில்: ஐஸ்பெட்டி மோட்டார் அறை, ஐஸ்பெட்டிக் கதவின் ரப்பர் மடிப்பு, ரொட்டி மேசையின் குழாய்க்கால் (அடியில் மூடி இல்லாத இரும்புக்குழாய் என்றால் அது மாடிவீடு மாதிரி), தண்ணீர் கொதிக்கும் தேத்தண்ணிப் பாத்திரத்தின் அடிப்பாகம், சுவரில் ஆணியடித்த விலைப்பலகைக்குப் பின்னால், அப்புறம் சாமி படம். விளக்குச் சூடு, எண்ணெய், பூவில் ஈரம், பின்னால் மரச்சட்டம். அதைவிட நல்ல வீடு கரப்பானுக்குக் கிடைக்காது. படத்தைச் சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் விலக்கி மாட்டி, வெள்ளிக்கிழமை துடைக்கும்போது பின்பக்கத்தையும் துடைத்தால் சரி.

மூன்று வாரம் கழித்து ஒட்டுப் பொறியில் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல், வைத்த ஜெல்லும் தொடாமல் காய்ந்து கிடந்தால் வேறு மருந்துப்பொருள் உள்ள ஜெல்லுக்கு மாறுங்கள். தலைமுறை தலைமுறையாக இனிப்பான விஷத்தீனி தின்று செத்ததில், குளுக்கோஸ் கசக்கும் கரப்பான்கள் மட்டும் தப்பிப் பெருகியிருக்கின்றன. அவற்றின் நாக்கிலேயே மாற்றம் வந்திருக்கிறது என்று அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். அதனால் ஒரே ஜெல்லை வருஷக்கணக்கில் வைக்காமல் மாற்றி மாற்றி வைப்பது நல்லது.

திரும்ப வராமல் இருக்க, அட்டைப்பெட்டி எதுவும் ஸ்டோருக்குள் போகக் கூடாது. சாமான் லோரி வந்ததும் அஞ்சடியிலேயே பிரித்து, சாமானை பிளாஸ்டிக் கூடையில் மாற்றி, அட்டையை அன்றைக்கே வெளியேற்றுங்கள். முட்டை அட்டையும் அப்படியே. பையன்கள் முணுமுணுப்பார்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

கட்டைவிரல் நீளத்துக்குச் செங்கரப்பான், மழை பெய்த ராத்திரியில் மட்டும்

இது லோங்காங்கில் வாழும் பெரிய வகை, நாலு சென்டிமீட்டர் வரை வரும். தண்ணீர் ஏறும்போது மேலே வருகிறது, அவ்வளவுதான். கடைக்குள் மருந்து வைத்துப் பயனில்லை, வழியை அடைக்க வேண்டும். தரையில் இருக்கும் தண்ணீர்த் துளைக்கெல்லாம் மூடியும் நுண்ணிய கம்பிவலையும் போடுங்கள். பயன்படுத்தாத துளை இருந்தால், பழைய குளியலறை மாதிரி, அதன் வளைகுழாயில் தண்ணீர் வற்றிப் போயிருக்கும். அந்தத் தண்ணீர்தான் தடுப்பு, வாரம் ஒரு வாளி ஊற்றினால் போதும். பின்கதவின் அடியில் ரப்பர் பட்டை அடியுங்கள். பெரியது மட்டும் வருகிறது, சின்னது ஒன்றுகூட இல்லை என்றால் உங்கள் குசினி சுத்தமாகத்தான் இருக்கிறது, மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

காலையில் கடை திறந்தால் புழுக்கை கிடக்கிறது

முதலில் புழுக்கையைப் பாருங்கள், அருவருப்பாக இருந்தாலும். ரெண்டு சென்டிமீட்டர் கிட்ட, ரெண்டு முனையும் மழுங்கி இருந்தால் தரையில் வளை தோண்டும் சாக்கடை எலி, நாம் பெருச்சாளி என்று சொல்வது. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், முனை கூராக இருந்தால் கூரையில் ஓடும் எலி. அரிசி அளவு என்றால் சுண்டெலி. நுனியில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது எலியே இல்லை, பல்லி. ஏன் இதைப் பார்க்கச் சொல்கிறேன் என்றால் முதலாவதுக்குத் தரையிலும் லோங்காங்கிலும் தேட வேண்டும், ரெண்டாவதுக்குத் தலைக்கு மேலே. நான் ஆறு மாதம் தரையில் பொறி வைத்தேன், ஆசாமி சீலிங்கில் இருந்தார்.

கீச்கீச் என்ற சத்தத்தோடு சுவரோரமாக நேர்க்கோட்டில் ஓடி, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தை விட்டுப் போவது மூஞ்சூறு. சீனர்கள் அதைப் பண எலி என்பார்கள், சத்தம் காசு குலுங்குவது போல இருக்கிறதாம். பக்கத்துக் கடைச் சீன முதலாளி, தவுக்கே, அதை அடிக்க விடமாட்டார், நமக்கும் பிள்ளையார் வாகனம், அதனால் எங்கள் வரிசையில் அது பாதுகாப்பாகவே வாழ்கிறது. ஆனால் அது பூச்சி தின்னும் பிராணி. கடைக்குள் அடிக்கடி வந்தால் உள்ளே தின்னக் கரப்பான் இருக்கிறது என்று அர்த்தம், மேலே முதல் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

அடுத்தது வழி. சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் துளை போதும், ஆறு மில்லிமீட்டர். பெரிய எலிக்குக் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் கறுப்பாக எண்ணெய்க் கறை நீளமாகத் தெரிந்தால் அது தினமும் உரசிப் போகும் பாதை. அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஓட்டை வரும். கேஸ் குழாய் வெளியே போகும் துளை, ஏர்கோன் குழாய், இரும்பு ஷட்டரின் ரெண்டு ஓரம், பின்கதவின் அடி, கூரை ஓடு நழுவின இடம். பஞ்சோ துணியோ வைத்து அடைத்தால் கடித்து எடுத்துவிடும். இரும்பு நார் திணித்து அதன் மேல் சிமெண்டு பூசுங்கள், மரக்கதவின் அடியில் தகடு அடியுங்கள்.

பழைய கடைவரிசையில் இன்னொரு சிக்கல், சீலிங்குக்கு மேலே பல இடங்களில் கடைக்குக் கடை சுவர் கிடையாது. எட்டுக் கடைக்கும் ஒரே கூரைவெளி. நீங்கள் மட்டும் சுத்தமாக இருந்து என்ன செய்ய? எங்கள் வரிசையில் தையல்கடை, சீனர் மருந்துக்கடை, கோப்பிக்கடை, நாங்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு மேலே பார்த்தோம். தையல்கடைக்கு மேலேதான் கூடு, துணிக்கழிவால் கட்டின மெத்தை. தீனி எங்கள் கடையில், படுக்கை அவர் கடையில். கூரைவெளியைக் கம்பிவலையால் தடுத்த பிறகுதான் எலி குறைந்தது.

பொறி வைக்கும் விதம்: எலி புதுப் பொருளைக் கண்டால் பல நாள் விலகிப் போகும். அதனால் அடிப்பொறியை முதல் மூன்று நாலு நாள் விசை ஏற்றாமல், தீனி மட்டும் வைத்து விட்டுவிடுங்கள். தின்னப் பழகினதும் எல்லாப் பொறியையும் ஒரே ராத்திரி ஏற்றுங்கள். சுவருக்குக் குறுக்காக, தீனிப் பக்கம் சுவரை ஒட்டி இருக்க வேண்டும். தீனிக்குச் சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ, எங்கள் ஊர் எலிக்குப் பெலாச்சான் என்ற இறால் விழுது தடவின நெத்திலி என்றால் உயிர்.

கடைக்குள் விஷத்தீனி வேண்டவே வேண்டாம். இப்போதுள்ள எலி மருந்து இரத்தம் உறையாமல் செய்து கொல்வது, தின்று சில நாள் கழித்துத்தான் சாகும், அதுவும் சீலிங்குக்குள் போய்ச் சாகும், அப்புறம் ரெண்டு வாரம் வாடிக்கையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு ரசம் குடிப்பார். தோட்டத்தில் வேலை செய்யும் சொந்தக்காரர் யாராவது "மாமா, நம்ம ஸ்டோர்ல இருக்கு, கொண்டாந்து தரேன்" என்று மெழுகு மாதிரி எலித்தீனியோ பாட்டிலில் ஊற்றின மருந்தோ கொண்டுவந்தால் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள். லேபிள் இல்லாத பாட்டில் குசினியில் இருப்பதே ஆபத்து. பாராகுவாட் களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை செய்தார்கள், அதற்கு முன்னால் குளிர்பான பாட்டிலில் வைத்த மருந்தைத் தெரியாமல் குடித்துப் போனவர் கதை எந்தத் தோட்டத்தில் இல்லை?

வெளியில் சந்திலும் விஷம் வைப்பதை யோசித்துச் செய்யுங்கள். செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கவே கூட்டுப்பெட்டி கட்டிக் கூகை ஆந்தை வளர்க்கிறார்கள். விஷம் தின்ற எலியை அது தின்றால் அதுவும் போய்விடும். ராத்திரி மின்கம்பத்தில் வெள்ளை முகத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்த ஆள் நமக்குச் சம்பளமில்லாத காவல்காரர். தோட்டத்தில் பழைய மரம் சாய்த்து மறுநடவு செய்யும் மாதங்களில் எலி ஊர்ப்பக்கம் திரும்பும், எங்கள் பக்கம் அதை ரெண்டு தடவை பார்த்துவிட்டோம். அந்தச் சமயம் ஓட்டைகளை முன்கூட்டியே சரிபாருங்கள். எலியைத் தேடிப் பாம்பும் வரும், சொல்லத் தேவையில்லை.

புழுக்கையைக் காய்ந்தபடி விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். குளோரோக்ஸ் பிளீச் கலந்த தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துணியால் எடுங்கள். எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல் இங்கே எல்லாரும் கேள்விப்பட்டதுதான். குளிர்பான டின்னின் மேல்பக்கத்தைக் கழுவாமல் மேசைக்கு அனுப்பக் கூடாது.

பூனை வளர்த்தால் போதாதா என்று கேட்பார்கள். மீன் தலை கிடைக்கிற பூனை எலியின் பின்னால் ஏன் ஓட வேண்டும்? குசினிக்குள் பூனையைப் பார்த்தால் சுகாதார அதிகாரி அதையும் குற்றமாகத்தான் எழுதுவார்.

மத்தியானக் கூட்டத்தில் ஈ மொய்க்கிறது

ஈக்கு முட்டையிலிருந்து பறக்கிற பருவம் வர நம் சூட்டில் ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். குப்பை லோரி வாரத்துக்கு ரெண்டு மூன்று தடவை வந்தாலும் ஈ குறையவில்லை என்றால், பையில் இருக்கும் குப்பையை விட்டுவிட்டுத் தொட்டியின் அடியைப் பாருங்கள். ரெண்டு விரல் உயரத்துக்கு ஒரு குழம்பு தேங்கியிருக்கும், புழு நெளியும். வாழை இலைக் கடைக்கு இது கூடுதல் தொல்லை, இலையோடு சோறும் ரசமும் மோரும் சேர்ந்து போகிறது. நாங்கள் இப்போது துளை போட்ட வாளியில் முதலில் வடியவிட்டு, அப்புறம் பையில் கட்டி வெளியே அனுப்புகிறோம். தொட்டியை வாரத்துக்கு ரெண்டு தடவை கவிழ்த்துக் கழுவ வேண்டும். சம்பள வாரத்தில் இன்னும் அதிகம். தோட்டத்தில் மாதச் சம்பளம் ஏழாம் தேதிக்குள் வந்துவிடும், அந்த வாரக் கடைசியில் ஊரே கடையில் இருக்கும், குப்பையும் ரெண்டு மடங்கு. அந்த வாரத்துக்கு மட்டும் கூடுதல் தொட்டி ஒன்று வைத்தால் அடுத்த பத்து நாள் நிம்மதி.

தொட்டியும் சுத்தம், ஈ மட்டும் குறையவில்லை என்றால் மூலம் வெளியில் இருக்கலாம், கோழிப்பண்ணையோ, பக்கத்தில் யாராவது காய்கறிக்குப் போட்ட பச்சைக் கோழி எருவோ. அதை நம்மால் நிறுத்த முடியாது, ஆனால் ஈக்குப் பலமாக வீசும் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெரியாது. வாசலில் வெளிப்பக்கம் பார்த்து ஒரு மின்விசிறி வையுங்கள், மந்திரம் போல வேலை செய்யும். நீலவிளக்குப் பொறி வாங்கினால் சமைக்கும் மேசைக்கு மேலே மாட்டாதீர்கள், வாசலுக்கு நேராகவும் வேண்டாம், வெளியில் போகிற ஈயைக் கூப்பிட்டு உட்கார வைத்த கதையாகிவிடும். அதன் குழல் விளக்கை வருஷம் ஒருமுறை மாற்றுங்கள். எரிவது தெரியும், ஆனால் ஈயை இழுக்கும் கதிர் குறைந்திருக்கும்.

பொடி ஈ பறக்கிறது என்றால் அது வேறு கணக்கு. பழம், சிரப் பாட்டில் வாய், புளித்த துடைப்பத் துணி இவற்றைச் சுற்றினால் பழ ஈ, அவற்றைச் சுத்தம் செய்தால் போய்விடும். சுவரில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், ரோமம் அடர்ந்த குட்டி அந்துப்பூச்சி மாதிரி இருந்தால் சாக்கடை ஈ. ராத்திரி தண்ணீர்த் துளையின் மேல் ஒட்டு நாடாவைப் பசைப்பக்கம் கீழே பார்க்கும்படி, கொஞ்சம் காற்று போக இடம் விட்டு ஒட்டுங்கள், காலையில் எதில் ஒட்டியிருக்கிறதோ அந்தக் குழாய்தான். கொதிதண்ணீர் ஊற்றினால் போதாது, குழாயின் உட்சுவரில் இருக்கும் வழவழப்பில்தான் புழு இருக்கிறது, நீளத் தூரிகை போட்டுத் தேய்க்க வேண்டும்.

மூன்றாவது ஒன்று உண்டு: பறப்பதை விடத் தத்தித் தத்தி ஓடும் கூனல் முதுகுப் பொடி ஈ. இது விடாமல் வந்தால் தரைக்கு அடியில் குழாய் உடைந்து மண்ணில் கழிவுநீர் ஊறுகிறதா என்று பாருங்கள். எங்கள் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு ஓடு அமுங்கினபடி இருந்தது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெயர்த்துப் பார்த்தால் கீழே ஒரு வாளிக்கு மேல் கறுப்புச் சேறு. குழாய் மாற்றி, மண்ணை அள்ளி, திரும்பச் சிமெண்டு போட ரெண்டு நாள் கடையை மூடினோம். அதோடு போச்சு.

அரிசியில் வண்டு, மிளகாய்த் தூளில் பழுப்புப் பூச்சி

மூக்கு நீண்ட வண்டு அரிசிக்குள்ளேயே முட்டை வைக்கும், அதனால் வாங்கி வரும்போது மூட்டை சுத்தமாகத் தெரியும், ஒரு மாதத்தில் பொலபொலவென்று கிளம்பும். வெயிலில் காயவைத்தால் வளர்ந்தது ஓடும், உள்ளே இருப்பது இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் அரிசி தேங்காதபடி வாங்குங்கள், புது மூட்டையைப் பழையதன் மேல் அடுக்காதீர்கள், மூட்டையைச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் தள்ளிப் பலகை மேல் வையுங்கள். மிளகாய்த் தூள், மல்லித்தூளில் வருவது உருண்டையான சின்னப் பழுப்பு வண்டு, காரம் அதை ஒன்றும் செய்யாது. தீபாவளிக்கு என்று மொத்தமாக அரைத்து மிச்சம் வைக்கும் தூளில்தான் பெரும்பாலும் வரும். பூச்சி கண்ட தூளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், சலித்துப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். புதிதாக அரைத்ததைப் பிரீசரில், மைனஸ் 18 டிகிரியில், ஒரு வாரம் வைத்து எடுத்து இறுக்கமான டப்பாவில் போட்டால் முட்டையும் செத்துவிடும்.

சர்க்கரை டப்பாவில் பொடி எறும்பு

ஸ்ப்ரே மட்டும் வேண்டாம். மஞ்சள் நிறப் பொடி எறும்புக்கு ஒரு கூட்டில் பல ராணி, அடித்தால் கூடு பிரிந்து நாலு கூடாகும். இனிப்பான எறும்பு ஜெல்லைப் பாதையோரத்தில் வைத்து, ரெண்டு நாள் அவை கூட்டமாக மொய்ப்பதைப் பொறுத்துக்கொண்டால் ராணிக்கும் போய்ச் சேரும்.

ராத்திரி மேசை மேல் பூச்சி உதிர்கிறது

மழைக்குப் பின் ஈசல் வந்தால் முன்விளக்கைக் கொஞ்ச நேரம் அணையுங்கள், அரைமணியில் ஓய்ந்துவிடும். ஆனால் இறக்கை கடைக்குள்ளேயே, விட்டத்துக்கு அடியில் குவிந்திருந்தால் கரையான் உங்கள் மரத்தில்தான் குடியிருக்கிறது, அதற்குத் தனி ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டைப் பட்டையாக, எறும்பு மாதிரி நீளமாக ஒன்று விழுந்தால் அது நாங்கள் சார்லி என்று சொல்லும் வண்டு. கையால் நசுக்காதீர்கள். கடிக்காது, அதன் உடம்பு நீர் தோலில் பட்டால்தான் நெருப்புச் சுட்டது போல் கொப்புளம் வரும். ஊதித் தள்ளிவிட்டு, பட்ட இடத்தைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். வெளிவிளக்கை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினால் ரெண்டுமே குறையும். அப்படியே பூத்தொட்டித் தட்டு, ஐஸ்பெட்டித் தண்ணீர்த் தட்டு, பின்னால் போட்ட டயர் இவற்றில் கொசுப்புழு இருக்கிறதா என்றும் பாருங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு கிடைத்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 வெள்ளி (ரிங்கிட்) வரை கம்பவுண்டு அபராதம்.

அதிகாரி வந்து போன பிறகு, அல்லது வருவதற்கு முன்

1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின் கீழ், சுத்தமில்லாத கடையைப் பதினாலு நாள் வரை மூடச் சொல்ல முடியும். வருகிறவர் முதலில் பார்ப்பது எலிப்புழுக்கையும் கரப்பானும்தான். அந்த நேரத்தில் உங்கள் ஒட்டுப் பொறி நோட்டு, எந்தத் தேதியில் எந்த ஓட்டையை அடைத்தீர்கள் என்ற குறிப்பு, படம் இவற்றையெல்லாம் எடுத்துக் காட்டினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

மருந்தடிக்க ஆள் வைப்பதாக இருந்தால், பூச்சிக் கட்டுப்பாடு செய்பவர்களுக்கான 2004ஆம் ஆண்டு விதிகளின்படி அவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள், தப்பாக நினைக்க மாட்டார். மருந்து லேபிளில் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு முன்பு வந்த கம்பெனி மாதம் ஒருமுறை, கடை மூடுகிற நேரத்தில், பத்து நிமிஷம் சுவரோரமாக அடித்துவிட்டு ரசீது நீட்டும். மூன்று வருஷத்தில் அவர்கள் ஒருநாளும் ஐஸ்பெட்டியை நகர்த்தச் சொன்னதில்லை. இப்போது வருகிறவர் முதல் நாள் மருந்துப் பெட்டியைத் திறக்கவே இல்லை. "அண்ணே, ஏணி இருக்கா?" என்று கேட்டு சீலிங்குக்குள் தலையை விட்டவர், இறங்கி வந்து ஒரு தாளில் பதினொரு ஓட்டைக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்பதை அடைத்துவிட்டோம். மிச்சம் ரெண்டு பக்கத்துக் கடைச் சுவரில் இருக்கிறது, தவுக்கே சீனப் பெருநாள் முடியட்டும் என்கிறார்.